பெற்றுக் கொடுத்தவரும் போராடிப் பெற்றவரும்: மலையகத் தலைமையும் பத்திரிகைப் புராணமும்

நோட்டன் பிரிட்ஜ் கடைவீதியை வந்தடையும் கொழும்புப் பத்திரிகையின் ஆயுள் ஒரு நாளே. காலையில் அது தேநீர்க்கடை மேசையிற் கைமாறிக் கைமாறி வாசிக்கப்படுகின்றது. எழுத்தறியாத முதியவர்க்கு இளைஞர் ஒருவர் உரத்து வாசிக்கின்றார். மாலையில் அதே தாள் வடை சுற்றவும் வெற்றிலை மடிக்கவும் பயன்பட்டு மறைந்து விடுகின்றது. ஆயினும் அத்தாளின் ஒரு துண்டு மட்டும் சில வேளைகளில் இவ்விதியினின்றும் தப்பிவிடுகின்றது. தலைவரின் படம் அச்சான பகுதி கத்தரிக்கப்பட்டு, கோதுமை மாக் கூழ் தடவப்பட்டு, லயத்துச் சுவரில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவே இடம்பெற்றுவிடுகின்றது. வெள்ளிக்கிழமை தோறும் காட்டப்படும் சாம்பிராணிப் புகை மூன்று படங்களுக்கும் பொதுவானது. ஒரு நாள் வாழப் பிறந்த செய்தி, தலைமுறை கடந்து வாழும் புராணமாக மாறும் கணம் இதுவே.

இம்மாற்றத்தின் பழியை அப்படத்தை ஒட்டிய தொழிலாளியின் மீது சுமத்துவது கற்றோர் சிலரின் வழக்கம். “அறியாமை”, “வீரவணக்க மனோபாவம்” என்னும் சொற்கள் அவர்கள் வாயில் எளிதாக வருகின்றன. ஆனால் சுவரில் ஏறுவதற்கு முன்னரே அப்படம் தெய்வத் திருவுருவாகத் தீட்டப்பட்டிருந்தது என்பதனை அவர்கள் காண்பதில்லை. தொழிலாளி செய்தது கூழ் தடவியது மட்டுமே. உருவை வார்த்து, கண் திறந்து, பெயர் சூட்டி அனுப்பியது பத்திரிகை. ஆகவே விசாரிக்கப்பட வேண்டியது வணங்குபவரின் மனம் அன்று, வார்ப்பவரின் தொழில்.

இவ்விசாரணைக்கு மலையகத்தில் அமரர் சௌமியமூர்த்தி தொண்டமானைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. 1913 ஆம் ஆண்டு தமிழகத்தின் முனைப்புதூரிற் பிறந்து, சிறுவனாக இலங்கை வந்து, இறம்பொடையில் தந்தையார் வாங்கியிருந்த வேவண்டன் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். 1939 இல் நேருவின் வருகையோடு தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசின் வழியாகவும், மறு ஆண்டில் உருவான அதன் தொழிற்சங்கத்தின் வழியாகவும் அரசியலுக்கு வந்தார். 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். 1978 இல் அமைச்சரானார். 1999 ஒக்டோபர் 30 ஆம் நாள் மறையும் வரை நாட்டின் அரசியலில் ஒதுக்கமுடியாத சக்தியாக விளங்கினார். அவருடைய ஆற்றலை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். இங்கு எழும் வினா அவர் பெரியவரா அல்லரா என்பதன்று. அவரைப் பற்றிய எழுத்து ஏனையோரை எங்கே கொண்டுபோய் மறைத்தது என்பதே வினா.

புராணத்தின் முதல் விதை ஒரு வினைச்சொல்லில் இருக்கின்றது. “பெற்றுக் கொடுத்தார்” என்பதே அது. பிரசாவுரிமையைப் பெற்றுக் கொடுத்தார், வாக்குரிமையைப் பெற்றுக் கொடுத்தார், சம்பள உயர்வைப் பெற்றுக் கொடுத்தார் என்று நினைவு நாள் தோறும் அச்சாகும் இவ்வாக்கியத்தின் இலக்கணம் நுணுகி நோக்கற்பாலது. இதில் எழுவாய் ஒருவர். செயப்படுபொருள் உரிமை. நான்காம் வேற்றுமை ஏற்று நிற்போர் “மக்கள்”, அதாவது “மக்களுக்கு”. வாக்கியத்தில் மக்கள் எதையும் செய்வதில்லை, கையேந்தி நிற்கின்றனர். எழுவாயாக நிற்க வேண்டியோர் நான்காம் வேற்றுமைக்குத் தள்ளப்படுவது இலக்கண நிகழ்ச்சி மட்டுமன்று. அஃது அரசியல் நிகழ்ச்சி. உரிமை என்பது கொடுக்கப்படும் பொருளானவுடன், பெறுவோர்க்கு எஞ்சுவது நன்றிக் கடன் மட்டுமே.

நடந்தது என்ன? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களும் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றவர்களாக்கி வாக்குரிமையும் அற்றவர்களாக்கின. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் தெரிவாகியிருந்தனர். 1952 தேர்தலில் ஒருவர்தானும் இல்லை. அவ்வாண்டு பிரதமர் காரியாலயத்தின் முன்னர் ஏறத்தாழ நூற்று நாற்பது நாட்கள் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. தலைவர்கள் மட்டும் அமர்ந்து நூற்று நாற்பது நாட்கள் கழிந்திருக்க முடியாது. தோட்டங்களிலிருந்து வந்த தொண்டர்கள் முறை வைத்து அமர்ந்தனர், நாட்சம்பளம் இழந்தனர்.

பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் எனக் கணிக்கப்பட்ட மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாக வகுக்கப்பட்டனர். ஒரு சமுதாயத்தைத் தராசில் நிறுத்துப் பிரித்த இவ்வொப்பந்தங்களில் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. ஹற்றன் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிகளில் குடும்பங்கள் பிரிந்தன. அக்காலத்தை அனுபவித்த முதியவர்கள் இன்றும் அதனை “ஒப்பாரிக் கோச்சி” என்ற பெயராலேயே நினைவுகூர்கின்றனர். இச்சொல்லைப் படைத்தவர் எந்தப் பத்திரிகையாசிரியரும் அல்லர்.

1986 சனவரியில் மலைநாடெங்கும் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலை வேளையில் தொழிலாளர் மலைக்குச் செல்லாது கோயில்களிற் கூடினர். வேலைநிறுத்தம் என்று பெயரிடாத வேலைநிறுத்தம் அது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையோர் பெண்கள். ஆகவே அவ்வியக்கத்தின் முதுகெலும்பும் பெண்களே. கொழுந்து முற்றினால் தொழிற்சாலை நிற்கும். தொழிற்சாலை நின்றால் ஏற்றுமதி நிற்கும். ஏற்றுமதி நின்றால் அரசின் கருவூலம் வற்றும். இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி ஒரு பெண்ணின் விரல் நுனி. அதே ஆண்டிலும் 1988 இலும் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டங்கள் நிறைவேறின. இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1984 ஏப்ரலில், தோட்டங்களை நிறுத்திய வேலைநிறுத்தத்தின் பயனாகவே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்னும் நிலை உருவாயிற்று. பேச்சுவார்த்தை மேசையில் தொண்டமான் காட்டிய சாதுரியம் உண்மை. ஆனால் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவர்கள் அஞ்சியது அவரது சாதுரியத்தையன்று. பறிக்கப்படாது முற்றும் கொழுந்தையே. நினைவு மலர்களிற் சாதுரியம் பதிவாகியுள்ளது. கொழுந்து பதிவாகவில்லை. இறுதியாக எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது; அதற்கு நான்கு ஆண்டுகளின் முன்னரே தலைவர் காலமாகிவிட்டார். ஆயினும் அதுவும் அதே வினைச்சொல்லின் கணக்கில் வரவு வைக்கப்படுவதைக் காணலாம்.

புராணத்தின் இரண்டாம் படி பட்டம். “மலையகத் தந்தை” என்னும் பெயர் முதலில் மேடையில் ஒலித்திருக்கலாம். மேடையில் ஒலித்தது காற்றோடு போகும். பத்திரிகையில் அச்சான பின்னர் அது பெயரின் முன்னொட்டாகி விடுகின்றது. பின்னர் நிருபர் அதை எழுதாது விட்டால் குற்றமாகின்றது. தந்தை என்னும் சொல்லின் பொருளை எவரும் ஆராய்வதில்லை. ஒருவர் தந்தையாயின் ஏனையோர் பிள்ளைகள். பிள்ளைகள் தந்தையிடம் கணக்குக் கேட்பதில்லை. சந்தாப் பணம் எங்கே போயிற்று என்று வினவுவதில்லை. ஒவ்வொரு மாதமும் செக்ரோலில் கழிக்கப்படும் சந்தாவால் வாழும் தொழிற்சங்கமொன்றில் தலைவருக்கும் உறுப்பினருக்கும் இடையே இருக்க வேண்டியது பொறுப்புக் கூறும் உறவு. பட்டம் அதனைக் குடும்ப உறவாக்கிவிடுகின்றது. தோட்ட முதலாளியின் மகனாகவும் தாமே தோட்ட உரிமையாளராகவும் இருந்த ஒருவர் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியது உலகத் தொழிற்சங்க வரலாற்றில் வியப்புடன் ஆராயப்பட வேண்டிய ஒரு முரண்பாடு. தந்தை என்ற சொல் அம்முரண்பாட்டைப் போர்த்து மூடிவிட்டது.

மூன்றாம் படி சிறப்பு மலர். பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் வெளியாகும் இணைப்புகளைப் புரட்டுவோர் அவற்றின் பொருளாதாரத்தை எளிதில் உணரலாம். பக்கத்தின் பாதி விளம்பரம்: கடை முதலாளிகளும் ஒப்பந்தக்காரரும் சங்கக் கிளைகளும் கூப்பிய கைகளோடு வாழ்த்துகின்றனர். மறு பாதி கட்டுரை. விளம்பரத்தில் வாழ்த்தும் கட்டுரையில் விமர்சனமும் ஒரே பக்கத்தில் வாழ முடியாது. ஆகவே கட்டுரையும் நீட்டி எழுதப்பட்ட விளம்பரமாகின்றது. பத்தாண்டுகள் கழித்து ஆய்வு செய்ய முற்படும் மாணவர் நூலகத்தில் அம்மலரையே “ஆதாரம்” எனக் காண்கின்றார். மேற்கோள் குறிகளுக்குள் புகுந்தவுடன் வாழ்த்து வரலாறாகிவிடுகின்றது. அதிலிருந்து பாடசாலைக் கட்டுரைப் போட்டிக்கும், அங்கிருந்து பரீட்சை விடைத்தாளுக்கும் உள்ள தூரம் மிகக் குறுகியது.

நான்காம் படி மரணம். “அமரர்” என்னும் சொல் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் இறந்தோர் அனைவர்க்கும் உரியதே. ஆயினும் தலைவர்க்கு வழங்கும்போது அச்சொல் தன் பழைய பொருளை, மரணமற்றவர் என்பதை, மீண்டும் பெற்றுக்கொள்கின்றது. இறந்தவரைப் பற்றிக் குறை கூறலாகாது என்னும் பண்பாடு குடும்பத்தினருக்கு ஏற்றது, வரலாற்றுக்கு ஏற்றதன்று. உயிரோடிருக்கும்போது அதிகாரத்துக்கு அஞ்சி எழுதாதவர், இறந்த பின்னர் மரியாதைக்கு அஞ்சி எழுதாது விடுகின்றார். எழுதுவதற்கு உரிய காலம் ஒருபோதும் வருவதில்லை. லேக் ஹவுஸ் பத்திரிகையாளர் த. சபாரத்தினம் தொண்டமான் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். அந்நூலின் தலைப்பே தளையினின்றும் விடுதலை என்னும் பொருள் தருவது. பத்திரிகைக்காரர் எழுத, தலைவரின் வாழ்வே சமுதாயத்தின் விடுதலைக் கதையாகும் போக்கை அத்தலைப்பே உணர்த்தும்.

இஃது மலையகத்துக்கு மட்டும் உரிய நோயன்று. 1797 இல் இத்தாலியப் படையெடுப்பின்போது இளந்தளபதி நெப்போலியன் தன் படைக்கெனப் பத்திரிகை தொடங்கி, தன் புகழைத் தானே பரப்பினான். 1921 பெப்ரவரியில் காந்தி கோரக்பூருக்கு வந்து சென்ற பின்னர், அவர் பெயரால் கிணற்றில் நீர் ஊறியது போன்ற அற்புதக் கதைகள் கிராமங்களிற் பரவின. “சுவதேஷ்” என்னும் உள்ளூர் வார இதழ் அவற்றை அச்சிட்டது. வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் 1984 இல் வெளியிட்ட ஆய்வு, வதந்தி அச்சேறும்போது பெறும் வலிமையைத் தெளிவாகக் காட்டியது. தமிழகத்தில் 1967 தேர்தலின்போது, குண்டடிபட்டுக் கழுத்திற் கட்டுடன் மருத்துவமனையிற் கிடந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாக ஊர் ஊராகச் சென்றது. பேச முடியாத வேட்பாளருக்காகப் படம் பேசியது. கண்டியிற் பிறந்த அவருடைய படம் மலையக லயங்களிலும் தொண்டமான் படத்துக்கு அண்மையில் இடம்பெற்றது தற்செயலன்று. இரண்டும் ஒரே அச்சுத் தொழிலின் விளைபொருள்கள்.

இவ்விடத்து நிருபரை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துவதும் தவறாகும். தோட்டம் தனியார் நிலமாகவே நெடுங்காலம் ஆளப்பட்டது. அனுமதியின்றி நுழைவோர் அத்துமீறியோர். தொழிற்சங்கவாதிகளே நுழைவுரிமைக்காகப் போராட வேண்டியிருந்த இடத்தில் பத்திரிகையாளர் எவ்வாறு நுழைவார்? எனவே செய்தி பெரட்டுக் களத்திலிருந்து வரவில்லை. சங்கக் காரியாலயத்தின் அறிக்கையாக வந்தது. மலைநாட்டு நகரங்களிற் பணியாற்றிய நிருபர்கள் பெரும்பாலும் பகுதிநேரத்தவர். அச்சான செய்திக்கு அளவிட்டுக் கூலி பெற்றவர். தொழிலாளி கிலோவுக்குக் கூலி பெறுவது போன்றே அவரும் அங்குலத்துக்குக் கூலி பெற்றார். தலைவரின் பெயர் உள்ள செய்தி அச்சாகும்; ஏதோ ஒரு தோட்டத்து மூன்றாம் இலக்க லயத்தின் கூரை ஒழுகும் செய்தி குப்பைக் கூடைக்குச் செல்லும். பசி அவருக்கும் உண்டு. கொழும்பிலோ பத்திரிகை முதலாளியின் கணக்கும் அரசின் கரமும் இருந்தன. 1973 இல் லேக் ஹவுஸ் நிறுவனம் சட்டத்தின் மூலம் அரசின் பிடிக்குள் கொண்டுவரப்பட்ட பின்னர், “தினகரன்” அமைச்சரவையிலுள்ள தலைவர் ஒருவரை எந்த அளவுக்குக் கேள்வி கேட்டிருக்க முடியும் என்பது விளக்கம் வேண்டாத விடயம்.

தலைமையை இவ்வாறு பெருக்கிக் காட்டிய அதே அச்சு, வேறு பெயர்களைச் சுருக்கியது. மலையகத்தின் முதற் பெருந் தொழிற்சங்கவாதியான கோ. நடேசய்யர் தாமே ஒரு பத்திரிகையாளர். “தேசநேசன்”, “தேசபக்தன்” முதலிய ஏடுகளை நடத்தியவர். 1931 இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தொழிற்சங்க சம்மேளனம் அமைத்து ஹற்றனைத் தளமாகக் கொண்டவர். 1936 இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1947 நவம்பரில் நடேசய்யர் மறைந்தார். பெரும் பத்திரிகைகளின் நினைவு நாட்காட்டியில் அவர்க்கு இடமில்லாது போயிற்று. எழுத்தாளர் சாரல்நாடன் பழைய ஏடுகளைத் தேடியலைந்து 1988 இல் நூலாக வெளியிடும் வரை, ஹற்றன் மண்ணிலேயே அவர் பெயர் அறியாத தலைமுறை ஒன்று வளர்ந்திருந்தது. பத்திரிகையால் ஒருவரை உருவாக்க முடியும் என்பதற்குத் தொண்டமான் சான்றாயின், பத்திரிகையாளர் ஒருவரையே மறக்கடிக்கவும் அதனால் முடியும் என்பதற்கு நடேசய்யர் சான்று.

அதற்கும் கீழே சென்றால் இருள் இன்னும் அடர்த்தியாகின்றது. 1940 சனவரி 10 ஆம் நாள் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி வீழ்ந்தார். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பலி அவர். 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியை அபகரிக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காணி காக்கப்பட்டது. “காணியைப் பெற்றுக் கொடுத்தார் சிவனு லெட்சுமணன்” என்று எந்தச் சிறப்பு மலரும் எழுதியதில்லை. பெற்றுக் கொடுத்தல் என்ற வினையை உயிர் கொடுத்தவர்க்கு வழங்காத மொழி, மேசையில் அமர்ந்தவர்க்கு மட்டும் வழங்குமாயின், அம்மொழியின் நேர்மை ஐயத்துக்குரியது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஒரு சிலையை அகற்றி அதே பீடத்தில் இன்னொரு சிலையை ஏற்றுவது புராண ஒழிப்பாகாது. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுள் நுழைந்தார் என்னும் கதை இன்று மேடை தோறும் சொல்லப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் வேடம் கூடுகின்றது. அவர் எழுதிய புள்ளிவிவரங்களும் கணக்குகளும் குறைகின்றன. தோட்ட நிருவாகத்தின் கூலிக் கணக்கைத் துருவிப் பார்த்த ஒருவரை மாறுவேட நாயகனாக மட்டும் நினைவிற் கொள்வது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. கோவிந்தனையும் லெட்சுமணனையும் வருடம் ஒரு நாள் பூச்சூட்டும் படங்களாக்கினால் அவர்களும் இதே சுவரில் இன்னும் இரண்டு படங்களாவர், அவ்வளவே.

மறுதரப்பின் வாதம் ஒன்றுண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையன்று. “வாக்கும் இல்லை, நாடும் இல்லை, பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமும் இல்லை என்றிருந்த காலத்தில் அம்மக்களுக்கு எஞ்சியிருந்தது ஒரு பெயர். அந்தப் பெயரைக் கொழும்பு அஞ்சியது. புராணம் கேடயமாக நின்றது. கேடயத்தை நுணுகி ஆராய்வது போர்க்களத்தில் இருப்போருக்கு ஆகாது” என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நியமன உறுப்பினராக மட்டுமே பாராளுமன்றம் செல்லக்கூடிய நிலையில் ஒருவர் தன் சமுதாயத்தின் பிரச்சினையை மறக்கவிடாது காத்தமை சிறு செயலன்று. தமிழ்ப் பத்திரிகைகள் முற்றாகத் தவறிழைத்தன என்பதும் பொய். 1960களில் “வீரகேசரி” எஸ்.எம். கார்மேகத்தின் பொறுப்பில் “தோட்ட மஞ்சரி” என மலையகத்துக்குத் தனிப்பகுதி ஒதுக்கியது. மலையக இளைஞர் பலர் அங்கேதான் எழுதப் பழகினர். அவர்களுடைய சிறுகதைகளில் தலைவர் இல்லை. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கொழுந்துக்காரியும் இருந்தனர். ஒரே நாளிதழின் கதைப் பக்கம் மக்களைக் கண்டது. செய்திப் பக்கம் காணவில்லை. ஆகவே காண முடியாதென்பதன்று. காண வேண்டுமென்ற கட்டாயம் எழவில்லை என்பதே உண்மை.

ஆயின் கேடயம் என்னும் உவமை அதற்குமேற் செல்லாது. கேடயம் போர் முடிந்ததும் இறக்கி வைக்கப்படும். புராணமோ இறக்கி வைக்கப்படுவதில்லை. அது பரம்பரைச் சொத்தாகின்றது. சங்கத்தின் தலைமை ஒரு குடும்பத்திலேயே பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் சென்றபோது பத்திரிகைகள் அதனை “வாரிசு” என்னும் சொல்லால் இயல்பாக வருணித்தன. சொத்துக்கு வாரிசு உண்டு. அரியணைக்கு வாரிசு உண்டு. தொழிற்சங்கத்துக்கு வாரிசு உண்டா என்று ஆசிரியத் தலையங்கம் வினவியிருக்க வேண்டாமா? நாட்சம்பளம் 1000 ரூபா என்னும் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021 இல் சம்பள நிர்ணய சபையின் மூலமே முடிவு கண்டது. அக்காலத்தில் எழுந்த விவாதத்தின் பெரும்பகுதி, அத்தொகையை “யார் பெற்றுக் கொடுப்பார்” என்பதைப் பற்றியதாகவே இருந்தது. அத்தொகையில் ஒரு குடும்பம் எவ்வாறு வாழும், எத்தனை கிலோ பறித்தால் அது முழுமையாகக் கிடைக்கும் என்ற வினாக்கள் பின்தள்ளப்பட்டன. புராணத்தின் விலையைத் தொழிலாளி தன் சம்பளச் சீட்டிற் செலுத்துகின்றார்.

புராணம் தலைவருக்கே இழைக்கும் அநீதியும் உண்டு. 1972 இல் தமிழர் கூட்டணியின் மூன்று தலைவர்களுள் ஒருவராக நின்ற தொண்டமான், 1976 இன் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு இணையவில்லை. 1978 இல் அமைச்சரவையிற் சேர்ந்தார். 1983 யூலை வன்செயலின்போது மலையகத் தமிழரும் தாக்கப்பட்டனர். அவர் அமைச்சராக நீடித்தார். இவை ஒவ்வொன்றும் இரு தீமைகளுக்கிடையே ஒன்றைத் தேர்ந்த கடினமான முடிவுகள். தேர்ந்தது சரியா, வேறு வழி இருந்ததா, யாருடன் கலந்தாலோசித்தார், எதை இழந்து எதைப் பெற்றார் என்பனவே ஒரு தலைவரைப் பற்றிக் கற்கத்தக்க பாடங்கள். பத்திரிகை இவையனைத்தையும் “தீர்க்கதரிசனம்” என்னும் ஒரே சொல்லிற் கரைத்துவிட்டது. தீர்க்கதரிசிக்குத் தடுமாற்றம் இல்லை. தடுமாற்றம் இல்லாதவரிடம் கற்பதற்கு எதுவும் இல்லை. தென்னிலங்கைப் பத்திரிகைகளுட் சில அவரை ஆட்சிகளை ஆட்டிவைக்கும் சூத்திரதாரியாகத் தீட்டியதும் இதே புராணத்தின் மறுபக்கம். ஒரு பக்கம் தெய்வம், மறுபக்கம் அசுரன். இரண்டு பக்கத்திலும் தொழிலாளி இல்லை. 1898 இல் பிளெகானோவ் வரலாற்றில் தனிமனிதனின் பாத்திரம் பற்றி எழுதியபோது, பெரியோர் வரலாற்றின் போக்கைத் தாமே படைப்பதில்லை, ஆயினும் அதன் முகத்தை மாற்றுகின்றனர் என்னும் கருத்தை நிறுவினார். மலையகப் பத்திரிகை எழுத்தோ முகத்தை மட்டும் அச்சிட்டு உடலை வெட்டியெறிந்தது.

நோட்டன் பிரிட்ஜில் நிற்போர்க்கு இவ்வுண்மை கண்முன்னே விரிந்து கிடக்கின்றது. கெகெல்கமு ஓயா அங்கே அணையிற் தேங்கி நிற்கின்றது. அந்நீர் எங்கிருந்து வந்தது? பெயரிடப்படாத நூற்றுக்கணக்கான ஓடைகள் தேயிலை மலைகளின் இடுக்குகளிலிருந்து இறங்கி ஒன்றுசேர்ந்தவை. மின்நிலையத்துக்குப் பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயர் இடப்பட்டுள்ளது. அப்பெருமை அவருக்குத் தகும். நீரிலிருந்து ஒளி பெறலாம் என்று பலர் நம்பாதபோது நம்பியவர் அவர். ஆனால் அணை நீரைப் படைக்கவில்லை, தேக்கியது. அத்துடன் லக்சபானவிலிருந்து புறப்பட்ட கம்பிகள் கொழும்பை ஒளியூட்டிய பல்லாண்டுகளின் பின்னரும் அக்கம்பிகளின் கீழிருந்த லயங்கள் பல குப்பி விளக்கில் எரிந்தன. தலைமையும் அணையைப் போன்றதே. அதன் தேவையை எவரும் மறுக்கவில்லை. ஓடைகளை மறந்து அணையை மட்டும் பாடும் எழுத்து, ஒளி யார் வீட்டுக்குச் சென்றது என்ற வினாவையும் மறக்கச் செய்கின்றது.

2023 இல் மலையகத் தமிழரின் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் நடந்து மாண்ட பாதையில் சாதாரண மக்கள் நடந்தனர். அப்பயணத்துக்கு ஒரு தந்தையும் தேவைப்படவில்லை. வினைச்சொல் அங்கே தன் சரியான எழுவாயைக் கண்டது: மக்கள் நடந்தனர்.

அவ்வெழுவாயை எழுத்திலும் மீட்பதற்குக் காலம் மிகக் குறைவு. 1986 பிரார்த்தனை நாட்களில் இருபது வயதினராக இருந்த கொழுந்துக்காரிகள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். அந்தக் காலை வேளைகளில் அவர்கள் எங்கே கூடினர், எவர் முதலில் மலைக்குப் போகாது நின்றார், துரை என்ன சொன்னார், அன்றைய அடுப்பில் என்ன வெந்தது என்பன எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. பல்கலைக்கழகத்துக்குத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர் தொகை பெருகியிருக்கும் இந்நாளில், விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு மாலைப்பொழுது கேட்டு எழுதினால், பத்திரிகைகள் எழுதத் தவறிய வரலாறு எழுதப்பட்டுவிடும். சுவரிலுள்ள படத்தைக் கிழிக்க வேண்டிய அவசியம் எவர்க்கும் இல்லை. அப்படத்துக்கு அருகே, அதனை ஒட்டிய கையின் வரலாறும் எழுதப்பட வேண்டும்.